செயன்முறைகளும் அவற்றை இயக்கும் அனுமதியும்

ஒருவரிடத்து ஒரு கருமத்தை ஒப்படைத்தல் வேறு; அக்கருமத்துக்கு இடமாகிய பொருளையே ஒப்படைத்தல் வேறு. இவ்வேறுபாட்டை உலகியல் நன்கறியும். ஆலயத்து உண்டியலை நோக்குவாம். அதன் மேற்புறத்தில் ஒரு சிறு துவாரமே உளது. வழிபட வருவோர் யாவரும் அதனூடே காணிக்கையிடலாம். ஆயின் உள்ளிருப்பதை எடுத்தலோ, எண்ணுதலோ, எவர் எவ்வளவு இட்டனர் என்று பார்த்தலோ அவர்க்கு இயலாது. உண்டியலைத் திறத்தற்கு உரியோர் வேறு. திறக்குங் காலமும் முறையும் வேறு. செய்யத்தக்க செயல் ஒன்றை மட்டும் யாவர்க்கும் அனுமதித்து, ஏனையவற்றைத் தடுத்து நிற்பதே அதன் அமைப்பின் நோக்கம். இற்றைநாட் கணினித் தரவுத்தளங்களில் இதே கருத்து எவ்வாறு செயற்படுகின்றது என்பதையும், அது பிழைபடும் இடங்கள் எவை என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வாம்.

தரவுத்தளம் என்பது யாது? ஒழுங்குபடத் தொகுத்துக் கணினியில் வைக்கப்பட்ட தகவற் களஞ்சியமே தரவுத்தளம் எனப்படும். அவற்றுள் இன்று பெருவழக்காயுள்ளது உறவுநிலைத் தரவுத்தளம். இதற்கு அடிகோலியவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளராயிருந்த எட்கார் கொட் என்னும் ஆங்கிலேயர். 1970 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையொன்றிலே, தகவல்களையெல்லாம் நிரைகளும் நிரல்களுங் கொண்ட எளிய அட்டவணைகளாகவே கருதலாம் என்றும், அவற்றைக் கையாளுவோர் அவை கணினியின் எந்த மூலையில் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதை அறியவேண்டுவதில்லை என்றும் விளக்கினார். ஒரு கல்லூரியின் பரீட்சைப் பதிவுகளை எடுத்துக்கொள்வோமாயின், மாணவர் என ஓர் அட்டவணையும், பாடம் என ஓர் அட்டவணையும், புள்ளிகள் என ஓர் அட்டவணையும் அமையும். புள்ளிகள் அட்டவணையின் ஒவ்வொரு நிரையும், இன்ன மாணவன் இன்ன பாடத்தில் இத்துணைப் புள்ளி பெற்றான் என்று கூறும். இச்சிறு உதாரணத்தையே கட்டுரை முழுவதும் துணையாகக் கொள்வாம்.

அட்டவணைகளை வினவுதற்கும் திருத்துதற்கும் ஒரு மொழி வேண்டுமன்றோ? அம்மொழியை அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பலின், றேமண்ட் பொயிஸ் என்னும் இருவர் 1974 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். இன்று எஸ்.கியூ.எல். என வழங்குவது அதன் வழிவந்ததேயாம். பலர் ஒருங்கே பயன்படுத்தும் களஞ்சியத்தில் எவர் எதனைச் செய்யலாம் என்னும் வினா உடன் எழுந்தது. 1976 ஆம் ஆண்டிலே பற்றீசியா கிறிபிற்ஸ், பிறட்போட் வேட் என்னும் இருவர், ஓர் அட்டவணையை ஆக்கியவரே அதன் மீதான உரிமைகளைப் பிறர்க்கு வழங்கவும் மீளப்பெறவும் வல்லவராகும் முறையை எழுதினர். வழங்குதற்குக் ‘கிறாண்ட்’ என்றும், மீளப்பெறுதற்கு ‘றிவோக்’ என்றும் கட்டளைகள் வழங்கலாயின. அவ்விரு சொற்களே இன்றும் நிலைத்து நிற்கின்றன.

அட்டவணையின் மீது வழங்கத்தக்க உரிமைகள் பெரும்பாலும் நான்கு: படித்தல், புதுநிரை சேர்த்தல், உள்ள நிரையைத் திருத்தல், நிரையை நீக்கல். இவை போதுமானவை போலத் தோன்றும். எனினும் நமது உதாரணத்தைச் சற்று ஊன்றி நோக்கின் குறை புலனாகும். ஆசிரியர் ஒருவர் தாம் கற்பிக்கும் பாடத்தின் புள்ளிகளை மட்டுமே திருத்தலாம். பெறுபேறு வெளியாகுமுன்னரே திருத்தலாம். திருத்துங்கால் காரணத்தை எழுதவேண்டும். பழைய புள்ளியும் புதிய புள்ளியும் திருத்தியவர் பெயரும் நேரமும் வேறோர் அட்டவணையில் அழியாது பதிவுபெற வேண்டும். இவை ஒரு கல்லூரியின் நியாயமான விதிகள். புள்ளிகள் அட்டவணையைத் திருத்தும் உரிமையை ஆசிரியருக்கு அப்படியே வழங்கிவிட்டால், இவ்விதிகளுள் ஒன்றேனும் காக்கப்படாது. அவர் எம்மாணவனின் எப்பாடப் புள்ளியையும் எந்நாளிலும் மாற்றலாம். புள்ளி 0 முதல் 100 வரை அமைக என்னும் நிபந்தனையை அட்டவணையிலேயே எழுதி வைக்கலாம் என்பதும், தம் பாடத்து நிரைகளை மட்டும் காட்டும் பார்வையொன்றை அமைக்கலாம் என்பதும் உண்மையே. ஆயினும் சோதித்தல், திருத்தல், பதிதல் ஆகிய மூன்றும் பிரியாது ஒருசேர நிகழவேண்டும் என்பதை நால்வகை உரிமைகளால் மட்டும் கூற இயலாது.

இக்குறையை நிரப்ப வந்ததே சேமித்த செயன்முறை. பல கட்டளைகளை ஒழுங்காகத் தொடுத்து, அத்தொடருக்கு ஒரு பெயரிட்டுத் தரவுத்தளத்தினுள்ளேயே வைத்துவிட்டால், பின்னர் அப்பெயரைக் கூறி அழைத்த மாத்திரத்தே கட்டளைகள் யாவும் நிறைவேறும். 1980 களின் பிற்பகுதியில் சைபேஸ் நிறுவனம் இவ்வசதியைத் தன் தரவுத்தளத்தின் சிறப்பம்சமாக்கியது. 1992 இல் ஒராக்கிளின் ஏழாம் பதிப்பு இதனைத் தந்தது. 1996 இல் இதற்கான பொதுநியமம் வெளிவந்தது. 2005 இல் மைஎஸ்கியூஎல்லின் ஐந்தாம் பதிப்பிலும் இது இடம்பெற்றது. போஸ்ற்கிறெஸ் தரவுத்தளம் நெடுங்காலம் சார்புகள் என்னும் பெயரால் இத்தொழிலைச் செய்து, 2018 இல் வெளிவந்த தன் பதினோராம் பதிப்பிலே செயன்முறை என்ற பெயரையும் ஏற்றது.

நமது கல்லூரிக்குப் ‘புள்ளி_திருத்து’ என ஒரு செயன்முறை எழுதுவதாகக் கொள்வோம். மாணவன் எண், பாடம், புதிய புள்ளி, காரணம் என நான்கு உள்ளீடுகளை அது ஏற்கும். முதலில், அழைத்தவர் அப்பாடத்தின் ஆசிரியரோ என்று பார்க்கும். அடுத்து, பெறுபேறு வெளியாயிற்றோ என்று பார்க்கும். காரணம் வெறுமையாயிருப்பின் மறுத்துவிடும். யாவும் பொருந்தின் புள்ளியைத் திருத்தி, அக்கணமே திருத்தப்பதிவு என்னும் அட்டவணையில் ஒரு நிரையைச் சேர்க்கும். இரண்டனுள் ஒன்று தவறினும் மற்றதும் நிகழாதவாறு இரண்டையும் ஒரே பிணைப்பில் வைக்கும். இதுவே உண்டியலின் துவாரம்.

இனி, அத்துவாரத்தை அணுகும் அனுமதியை வழங்கவேண்டும். கட்டளை மிகச் சிறியது: ‘கிறாண்ட் எக்ஸிகியூட் ஒன் புள்ளி_திருத்து ரு ஆசிரியர்.’ இதில் நான்கு கூறுகள் உள. கிறாண்ட் என்பது வழங்குக என்னும் ஏவல். எக்ஸிகியூட் என்பது இயக்கும் உரிமை. மூன்றாவது எதன்மீது என்பது. நான்காவது எவருக்கு என்பது. போஸ்ற்கிறெஸ் போன்றவற்றில், செயன்முறை வைக்கப்பட்டுள்ள ஸ்கீமா என்னுந் தொகுதியினுள் நுழையும் அனுமதியையும் உடன் வழங்குதல் வேண்டும். இத்துணையே கட்டளை. எனினும் கட்டளையின் எளிமை கண்டு அதன் பொருளும் எளிதென எண்ணலாகாது. பெரும்பாலான பிழைகள் இவ்விடத்தே தோன்றுகின்றன.

செயன்முறை இயங்கும்போது தரவுத்தளம் விடைகாண வேண்டிய வினாக்கள் இரண்டு. இவர் இச்செயன்முறையை அழைக்கலாமா என்பது முதலாவது. அதனுள்ளே இருக்கும் கட்டளைகள் எவர் பெயரால், எவரது உரிமை கொண்டு நிறைவேற்றப்படும் என்பது இரண்டாவது. முதல் வினாவுக்கு மேலே கூறிய கட்டளை விடையாகும். இரண்டாவது வினாவுக்கு வெவ்வேறு தரவுத்தளங்கள் வெவ்வேறு விடை தருகின்றன. ஒன்றிலே பழகியவர் மற்றொன்றுக்குச் செல்லுங்கால் இடர்ப்படுவதற்குக் காரணம் இதுவேயாம்.

ஒருவகை விடை, செயன்முறையை ஆக்கியவரது உரிமையால் என்பது. ஒராக்கிளும் மைஎஸ்கியூஎல்லும் வேறு கூறாதவிடத்து இவ்வழியையே பின்பற்றும். இங்கு ஆசிரியருக்குப் புள்ளிகள் அட்டவணையில் யாதோர் உரிமையும் வேண்டுவதில்லை. செயன்முறையை இயக்கும் அனுமதி ஒன்றே போதும். அவர் அட்டவணையை நேரே படிக்க முயன்றால் மறுக்கப்படுவார். செயன்முறையூடாக வந்தால் விதிகளுக்கு அமைந்த திருத்தத்தைச் செய்ய முடியும். நாம் விரும்பியதும் இதுவே.

மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் எஸ்.கியூ.எல். சேவர் இதே பயனை வேறொரு நெறியால் தருகின்றது. செயன்முறையை உடையோரும் அது தொடும் அட்டவணையை உடையோரும் ஒருவரேயாயின், அட்டவணையின் அனுமதிகளை அது சோதிப்பதேயில்லை. செயன்முறையின் வாயிலில் ஒருமுறை சோதித்ததோடு அமையும். இதனை உடைமைச் சங்கிலி என்பர். இதில் ஒரு நுட்பம் உண்டு. எஸ்.கியூ.எல். சேவரில், வழங்குதலும் மீளப்பெறுதலும் அன்றி, வெளிப்படையாக மறுத்தல் என்னும் மூன்றாவது கட்டளையும் உளது. மறுப்பு, பிற வழியால் வந்த அனுமதிகளை வெல்லும் என்பது பொதுவிதி. ஆயின் உடைமைச் சங்கிலி அறாதிருக்குமிடத்து அட்டவணையின் அனுமதிகள் பார்க்கப்படாமையால், அங்கே இட்ட மறுப்பும் பார்க்கப்படாது. ‘அட்டவணையை அவருக்கு மறுத்துவிட்டேன், இனி அச்சமில்லை’ என்று இருப்பவர், அவர் கையில் எந்தச் செயன்முறைகள் உள்ளன என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

மற்றொரு வகை விடை, அழைத்தவரது உரிமையால் என்பது. போஸ்ற்கிறெஸ் வேறு கூறாதவிடத்து இவ்வாறே செய்யும். ஒராக்கிளிலும் 1999 இல் வந்த எட்டாம் பதிப்பின் விரிவு முதல் இதனை விரும்பித் தெரிவு செய்யலாம். இம்முறையில், செயன்முறையை இயக்கும் அனுமதியோடு அது தொடும் அட்டவணைகள் யாவற்றின் உரிமையும் அழைப்பவருக்கு இருத்தல் வேண்டும். ஆகவே, போஸ்ற்கிறெஸில் இயக்கும் அனுமதி மட்டும் பெற்ற ஆசிரியர் செயன்முறையை அழைப்பின், புள்ளிகள் அட்டவணைக்கு அனுமதியில்லை என்ற மறுமொழியே கிடைக்கும். பொறுப்பாளர் பலர் இதனைக் கண்டு திகைத்து, அட்டவணையின் உரிமையையும் வழங்கிவிடுகின்றனர். அவ்வாறு வழங்கியதும் செயன்முறை எழுதியதன் பயனே அழிந்துவிடும். உண்டியலின் துவாரம் அடைத்துக்கொண்டமைக்காக மூடியையே கழற்றிவிட்டது போலும் அது. செய்யத்தக்கது, ஆக்கியவர் உரிமையால் இயங்குக எனச் செயன்முறையின் வரையறையிலேயே குறித்தலாகும்.

இவ்விரண்டனுள் எது சிறந்தது எனின், இடம் நோக்கியே கூறவேண்டும். காக்கப்படவேண்டிய அட்டவணைக்கு ஒரே வாயிலாக நிற்பது செயன்முறையின் நோக்கமாயின் ஆக்கியவர் உரிமையே பொருந்தும். பலரும் தத்தம் அட்டவணைகளின் மீது இயக்கிக்கொள்ளும் பொதுக் கருவியாயின் அழைத்தவர் உரிமையே பொருந்தும். முன்னையது அதிகாரத்தைக் கடனாகத் தருவது. பின்னையது அவ்வாறு தராதது. தருமிடத்தே விழிப்பு மிகுதியும் வேண்டும்.

ஏன் விழிப்பு வேண்டும் என்பதை 1988 இல் நோம் ஹாடி எழுதிய ஒரு சிறு கட்டுரை தெளிவாக்கும். கணினி நேரத்தைப் பலருக்கு வாடகைக்கு வழங்கிய நிறுவனமொன்றில் ஒரு மொழிபெயர்ப்புச் செய்நிரல் இருந்தது. தன் பயன்பாட்டுக் கணக்கைக் குறித்துக்கொள்ளும் பொருட்டு, ஒரு குறித்த தொகுப்பிலுள்ள கோப்புகளில் எழுதும் உரிமை அதற்கு அளிக்கப்பட்டிருந்தது. கட்டணப் பட்டியற் கோப்பும் அத்தொகுப்பிலேயே இருந்தது. செய்நிரலின் வெளியீட்டை எந்தக் கோப்பில் எழுதுவது என்பதைப் பயனரே கூறலாம். ஒரு பயனர் கட்டணப் பட்டியற் கோப்பின் பெயரையே கூறினார். செய்நிரல் தன் சொந்த உரிமை கொண்டு அதன்மேல் எழுதிற்று. கட்டண விபரங்கள் அழிந்தன. இங்கே பயனருக்கு அக்கோப்பில் உரிமை இல்லை. உரிமை செய்நிரலுக்கே இருந்தது. தனக்கென அளிக்கப்பட்ட உரிமையைப் பிறர் கருத்துக்காகத் தான் செலவிடுவதை அது உணரவில்லை. இத்தகையதைக் குழம்பிய பிரதிநிதி என்று ஹாடி பெயரிட்டார். ஆக்கியவர் உரிமையால் இயங்கும் ஒவ்வொரு செயன்முறையும் ஒரு பிரதிநிதியே. அது குழம்பாதிருக்குமாறு எழுதுவது எழுதுவோர் கடன்.

குழம்புதற்குரிய முதல் வாயில், ஓடும்போதே கட்டப்படும் கட்டளை. செயன்முறையினுள் கட்டளைகளை முன்னரே நிலையாக எழுதாது, பயனர் தந்த சொற்களை ஒட்டிச் சேர்த்து ஒரு கட்டளையாக்கி இயக்குவோர் உளர். பயனர் தந்த சொல்லுக்குள் வேறொரு கட்டளையே ஒளிந்திருப்பின் அதுவும் இயங்கிவிடும். 1998 ஆம் ஆண்டின் இறுதியில் ஃபிராக் என்னும் மின்னிதழில் இவ்வகைத் தாக்குதல் வெளிப்படையாக விளக்கப்பட்டது. இன்றுவரை அது ஒழிந்தபாடில்லை. செயன்முறைக்குள் வைத்துவிட்டதனாலேயே பாதுகாப்பு வந்துவிடும் என்று கருதுவது தவறு. ஆக்கியவர் உரிமையால் இயங்கும் செயன்முறையில் இப்பிழை நேரின், தாக்குபவர் தம் சிற்றுரிமையை விடுத்து ஆக்கியவரது பேருரிமையையே பெறுவார். உள்ளீடுகளைக் கட்டளையின் சொற்களாக ஒட்டாது பெறுமானங்களாகவே அனுப்புதல் இதற்கு மருந்து.

எஸ்.கியூ.எல். சேவரிலோ இத்தகைய கட்டளை வேறொரு விளைவையும் தரும். ஓடும்போது கட்டப்படும் கட்டளைக்கு உடைமைச் சங்கிலி செல்லாது. அங்கே அழைத்தவரது அட்டவணை உரிமை சோதிக்கப்படும். எனவே நேற்றுவரை இயங்கிய செயன்முறை, ஒரு வரி மாற்றப்பட்டதும் அனுமதியில்லை என்று நின்றுவிடுதல் கூடும். இவ்விடத்தும் அட்டவணை உரிமையை வழங்கிச் சமாளிப்பது தகாது. அச்செயன்முறை மட்டும் குறித்தவொரு பயனரின் பெயரால் இயங்குமாறு கூறுதலும், சான்றிதழொன்றால் செயன்முறைக்கு ஒப்பமிட்டு அச்சான்றிதழுக்கு வேண்டிய உரிமையை அளித்தலும் ஆகிய இரு வழிகள் 2005 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் உள்ளன.

இரண்டாவது வாயில் பெயர்களால் வருவது. போஸ்ற்கிறெஸில் அட்டவணையொன்றைத் தொகுதிப் பெயரின்றி வாளா ‘புள்ளிகள்’ என்று குறித்தால், எந்த ஸ்கீமாவில் முதலிற் தேடுவது என்பதை ஒரு தேடல் வரிசை தீர்மானிக்கும். அவ்வரிசையை அழைப்பவர் மாற்றிக்கொள்ளலாம். அவர் தமக்குரிய ஸ்கீமாவிலே அதே பெயருடைய பொய்ப்பொருள் ஒன்றை ஆக்கிவைத்து, அதனை வரிசையில் முன்னிறுத்திவிட்டால், செயன்முறை தன் உடையோரின் உரிமையோடு அப்பொய்ப்பொருளையே தொடும். ஆதலால், ஆக்கியவர் உரிமையால் இயங்கும் செயன்முறையின் வரையறையிலேயே தேடல் வரிசையை நிலைநிறுத்துதல் வேண்டும். பொதுவான ஸ்கீமாவில் எவரும் பொருள்களை ஆக்கலாம் என்ற பழைய வழக்கால் விளையும் இடரை 2018 ஆம் ஆண்டுப் பாதுகாப்பு அறிவித்தலொன்று சுட்டியது. 2022 இல் வந்த பதினைந்தாம் பதிப்பு, புதிய தரவுத்தளங்களில் அவ்வழக்கையே விலக்கிற்று.

மூன்றாவது, கேளாமலே வழங்கப்படும் அனுமதி. அதே போஸ்ற்கிறெஸில் ஒரு செயன்முறையை ஆக்கியவுடன், அதனை இயக்கும் அனுமதி பொதுமக்கள் என்று பொருள்படும் ‘பப்ளிக்’ என்ற பெயரால் யாவருக்கும் தானே சென்றுவிடும். சாதாரண செயன்முறைக்கு இதனாற் பெருந்தீங்கில்லை. அழைத்தவர் உரிமையே அங்குச் செல்லுமாதலின் என்க. ஆக்கியவர் உரிமையால் இயங்குவதாயின் தீங்கு பெரிது. ஆசிரியருக்கென எழுதிய புள்ளி_திருத்து எல்லோர்க்கும் திறந்தே கிடக்கும். ஆகவே ஆக்குதல், பப்ளிக்கிடமிருந்து மீளப்பெறுதல், உரியவருக்கு வழங்குதல் ஆகிய மூன்றையும் ஒரே பிணைப்பில் இடைவெளியின்றிச் செய்தல் நன்று.

அனுமதியை எவருக்கு வழங்குவது என்பதும் சிந்திக்கத்தக்கது. தனித்தனி மனிதருக்கு வழங்கின், ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிச் செல்லும்போது அவர் பெயரை எங்கெங்கே நீக்குவது என்று தேட நேரும். ஆதலின் ஆசிரியர், பதிவாளர், அதிபர் என வகிபாகங்களை ஆக்கி, அனுமதிகளை வகிபாகங்களுக்கே வழங்கி, மனிதரை வகிபாகங்களிற் சேர்த்தும் நீக்கியும் வருதல் முறை. எஸ்.கியூ.எல். சேவரில் எல்லாச் செயன்முறைகளையும் இயக்குதற்கென முன்னமைந்த வகிபாகம் இல்லை. அதனை நாமே ஆக்கிக்கொள்ளல் வேண்டும். அங்கே ஒரு ஸ்கீமா முழுவதற்கும் இயக்கும் அனுமதியை ஒரே கட்டளையால் வழங்கலாம். அவ்வாறு வழங்கின், நாளை அந்த ஸ்கீமாவில் எழுதப்படும் செயன்முறைகளுக்கும் அவ்வனுமதி செல்லும். போஸ்ற்கிறெஸில் அதனையொத்த கட்டளை அவ்வேளை உள்ளவற்றுக்கு மட்டுமே செல்லும். வருவனவற்றுக்கு வேறு கட்டளை வேண்டும். ஆகவே முன்னையதில், அனைவருக்கும் உரிய செயன்முறைகளையும் பதிவாளருக்கே உரியவற்றையும் ஒரே ஸ்கீமாவிற் கலந்து வைத்தலாகாது.

வகிபாகம் பற்றி ஒராக்கிளில் ஒரு தனி விதி உண்டு. ஆக்கியவர் உரிமையால் இயங்கும் செயன்முறையினுள், ஆக்கியவர் வகிபாகத்தினூடே பெற்ற உரிமைகள் கணக்கிற் கொள்ளப்படா. அவருக்கு நேரே வழங்கப்பட்டவையே செல்லும். கட்டளையைத் தனியே இயக்கும்போது நிறைவேறுகின்றது, செயன்முறைக்குள் வைத்ததும் அட்டவணையே இல்லையென்கின்றது என்று புதியவர்கள் மயங்குவது இதனாலேயாம்.

பெற்ற உரிமையைப் பிறர்க்கு வழங்கும் உரிமையையும் சேர்த்து வழங்கலாம் என்பதை 1976 ஆம் ஆண்டுக் கட்டுரையே கூறிற்று. அவ்வாறாயின், முதல்வர் தாம் வழங்கியதை மீளப்பெறும்போது, அவரிடமிருந்து பெற்றவர் வழங்கியவையும் தொடர்ந்து வீழ்தல் வேண்டும். எனினும் வேறு வழியால் உரிமை பெற்றிருப்பவரது உரிமை வீழலாகாது. இக்கணக்கில் இருந்த ஒரு குறையை 1978 இல் றொனால்ட் ஃபேகின் சுட்டித் திருத்தினார். இன்று சில தரவுத்தளங்கள் தாமே தொடர்ந்து நீக்கும். சில, தொடர்ந்து நீக்குக என்று வெளிப்படையாகக் கூறினாலன்றி மறுத்துவிடும். செயன்முறைகளைப் பொறுத்தவரை, வழங்கும் உரிமையை ஒருவரிடமே நிறுத்திவைப்பது பெரும்பாலும் நலம். எவரிடமிருந்து எவருக்குச் சென்றது என்பதை ஆராய வேண்டிய தேவையே அப்போது எழாது.

இயக்கும் அனுமதியைச் செவ்வனே வழங்கிவிட்டு, மாற்றும் அனுமதியை மறந்துவிடுதல் மற்றொரு பிழை. ஆக்கியவர் உரிமையால் இயங்கும் செயன்முறையைத் திருத்தி எழுத வல்லவர், அவ்வுடையோர் செய்யக்கூடிய யாவற்றையும் செய்ய வல்லவராவார். அவர் கையில் அட்டவணை உரிமை இல்லையென்பது பெயரளவிலேயே உண்மை. அன்றியும், செயன்முறையை அழித்து மீள ஆக்குவோர், பழைய அனுமதிகளும் அதனோடு அழிந்தன என்பதை மறத்தல் கூடாது. எஸ்.கியூ.எல். சேவரில் மாற்றுதற் கட்டளையையும், ஒராக்கிளிலும் போஸ்ற்கிறெஸிலும் ஆக்குக அல்லது பிரதியிடுக என்னும் கட்டளையையும் பயன்படுத்தின் வழங்கிய அனுமதிகள் நிலைத்திருக்கும்.

செயன்முறையை உடையோர் எவராயிருத்தல் வேண்டும்? தரவுத்தளத்தின் முழுமுதற் பொறுப்பாளரே அனைத்துக்கும் உடையோராயிருப்பது எளிது, ஆயின் ஆபத்தானது. 1975 இல் சோல்ற்சர், சுறோடர் என்னும் அறிஞர் இருவர், ஒவ்வொரு செய்நிரலும் பயனரும் தத்தம் தொழிலுக்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமையோடே இயங்குக என்னும் நெறியைப் பாதுகாப்பின் அடிப்படைகளுள் ஒன்றாக வைத்தனர். அந்நெறிப்படி, புள்ளிகளையும் திருத்தப்பதிவையும் தொடும் அளவுக்கே உரிமையுடைய, எவரும் நேரே உள்நுழைய முடியாத ஒரு பயனரை ஆக்கி, அவரையே செயன்முறைக்கு உடையோராக்குதல் சாலும். செயன்முறையிற் பிழையிருப்பினும் அதன் கேடு அவ்விரு அட்டவணைகளின் எல்லையைத் தாண்டாது.

இறுதியாகத் திருத்தப்பதிவைப் பற்றிக் கூறவேண்டும். பதிவிலே எவர் பெயரை எழுதுவது? ‘இப்போதைய பயனர்’ என்று பொருள்படும் சார்பொன்றை அழைத்து அதன் விடையை எழுதுவதே பலர் வழக்கம். போஸ்ற்கிறெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும், ஆக்கியவர் உரிமையால் இயங்கும் செயன்முறையினுள் அச்சார்பு ஆக்கியவர் பெயரையே தரும். அதனால் திருத்தப்பதிவின் ஒவ்வொரு நிரையிலும் ஒரே பெயர் நிற்கும். ஆசிரியரோ என்று சோதிக்கும் முதற்படியும் பொய்த்துவிடும். உண்மையில் உள்நுழைந்தவர் பெயரைத் தரும் வேறு சார்பு போஸ்ற்கிறெஸில் ‘செஷன் யூசர்’ எனவும், மைஎஸ்கியூஎல்லில் ‘யூசர்’ எனவும், எஸ்.கியூ.எல். சேவரில் ‘ஒறிஜினல் லொகின்’ எனவும் உண்டு. இதுவும் போதாத இடம் ஒன்று உளது. இணையச் செயலிகள் பல, ஆயிரம் பேர் வந்தாலும் ஒரே பெயரால் தரவுத்தளத்துள் நுழைகின்றன. அங்கே தரவுத்தளத்துக்கு மனிதர் எவரும் தெரியார். செயலி ஒன்றே தெரியும். மனிதர் எவர் என்பதைச் செயலியே பொறுப்போடு அறிவித்தாலன்றிப் பதிவு பயன்படாது.

இவற்றையெல்லாம் அமைத்தபின் சோதித்தறிதல் இன்றியமையாதது. பொறுப்பாளராக உள்நுழைந்து இயக்கிப் பார்ப்பது சோதனையாகாது. அவருக்கு எல்லாமே இயங்கும். மிகக் குறைந்த உரிமையுடைய ஆசிரியராக உள்நுழைந்து நான்கு செயல்களைச் செய்துபார்த்தல் வேண்டும். அட்டவணையை நேரே படித்தால் மறுக்கப்பட வேண்டும். தம் பாடத்துப் புள்ளியைச் செயன்முறையாற் திருத்தினால் நிறைவேற வேண்டும். பிறர் பாடத்துப் புள்ளியைத் திருத்த முயன்றால் மறுக்கப்பட வேண்டும். நிறைவேறிய திருத்தத்துக்குத் திருத்தப்பதிவில் அவர் பெயரே நிற்க வேண்டும். இந்நான்கும் பொருந்தினாலன்றி அனுமதி ஒழுங்காயிற்று எனக் கொள்ளலாகாது.

சிறியதொரு கட்டளைக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என்று சிலர் வினவக்கூடும். ஒரு மாணவனின் புள்ளி ஓர் அட்டவணையில் ஓர் எண் மட்டுமே. எனினும் பல்கலைக்கழக வாயில் அவனுக்குத் திறப்பதும் அடைபடுவதும் அவ்வெண்ணைப் பொறுத்தன. மருந்தகத்தில் மருந்தின் அளவும், வங்கியில் முதியவரின் சேமிப்பும் அவ்வாறே நிரைகளாய் உறைகின்றன. அவற்றைத் தொடுவோர் பெரும்பாலும் நல்லவரே. நல்லவர்க்கும் கைதவறும், பிழை நேர்ந்தபின் ஐயம் எல்லோர்மேலும் படியும். வேண்டிய செயலை மட்டும் செய்யவிடும் அனுமதி களஞ்சியத்தைக் காப்பதோடு, அதனருகே தொழில் செய்யும் நேர்மையாளரையும் வீண்பழியினின்று காக்கின்றது. உண்டியலின் பூட்டு காணிக்கைக்கு மட்டுமன்றி, அதனைத் துடைத்து வைக்கும் தொண்டருக்கும் காவலாகும்.